மேகலா உயிரோடதான் இருக்கா

ஜன்னலோரம் நீயே உட்காந்துக்க கண்ணு. எனக்கு எங்க உட்காந்தா என்ன. இவளுக்கு எதிர்க்காத்து ஆகாது, தும்மிக்கிட்டே கெடப்பா. நாமக்கல்ல பஸ் மாறும்போதே தூங்கிட்டா. விடியக்காலம் எழுப்பிக் கெளப்புனது. ரெண்டு வயசுப் புள்ளைக்கு எங்க கூட்டிட்டுப் போறாங்கன்னு என்ன தெரியும்.

பேத்தின்னுதான் வெச்சுக்கயேன். என்ற தம்பி மகளோட மக. முசிறிப் பக்கம் ஒரு ஹோமு இருக்குது, அங்க இவளோட சின்னம்மா இருக்கா. அவகிட்ட இவள விட்டுட்டு வரப் போறேன். சின்னம்மாகிட்டயே வளரலாம்னு கொழந்தைங்க நலக் கமிட்டில எழுதிக் குடுத்த கடுதாசி எல்லாம் பைல இருக்குது.

நீ கேக்க வர்றது தெரியுது. சொந்தக்காரங்க இருக்கறப்ப எதுக்கு ஹோமுல விடணும்னுதானே. நானும் அதையேதான் பன்னெண்டு வருசமாச் சொல்லிட்டு இருந்தேன். சொந்த ஊடு சொந்த ஊடுதான், ஹோமு ஹோமுதான்னு. நீ திருச்சியா? அப்ப முசிறி வரைக்கும் கேளு. நீ யாரோ, நான் யாரோ, எறங்கிட்டா மறுக்காப் பாக்கப் போறதில்ல.

என்ற பேரு பாவாயி. பள்ளிபாளையத்துக்கு அக்கட்டால ஒரு ஊரு. ஊட்டோட ஒட்டித் தறிக்கூடம், நாலு தறி ஓடுது. எனக்கு ஒரே மக, கௌசல்யா. எனக்கு ஒரே தம்பி, செங்கோடன். லாரி ஓட்டிட்டு இருந்தான். வடக்க போனா இருவது நாள், ஒரு மாசம் கழிச்சு வருவான். நல்ல ஆளு. இருந்தாப்பல எளைக்க ஆரம்பிச்சான். காமாலைன்னு சொன்னோம். கொஞ்ச நாள்ல எங்களுக்கு வேற தெரிஞ்சு போச்சு, ஆனா ஊருக்குக் காமாலைன்னேதான் சொன்னோம். அவன் போயி எட்டாம் மாசம் அவன் பொண்டாட்டி பூங்கொடியும் போயிட்டா. ரெண்டு பொட்டப் புள்ளைங்க. பெரியவ வனிதாவுக்குப் பன்னெண்டு வயசு, சின்னவ மேகலாவுக்கு ஆறு. பூங்கொடி பொறந்த ஊட்டுக்காரங்க எழவுக்கு வந்துட்டு அன்னிக்கே பஸ் ஏறிட்டாங்க. மிச்சம் நின்னது நான் ஒருத்திதான். அத்தைக்காரி.

பெரியாஸ்பத்திரில ஒரு கவுன்சிலர் பொண்ணு இருந்துச்சு. உன் வயசுதான் இருக்கும். ரெண்டு கொழந்தைங்களுக்கும் ரத்தம் பாத்தே ஆகணும்ங்கன்னு நின்னுருச்சு. பாத்தாங்க. பெரியவளுக்கு இல்ல. சின்னவளுக்கு இருக்குது. எச்.ஐ.வி. அப்பத்தான் அந்த வார்த்தைய எங்கிட்ட மொதல் மொதல்ல ஒருத்தர் மூஞ்சிக்கு நேராச் சொன்னது. பெரியவ பொறந்தப்ப அவங்க அப்பா அம்மாவுக்கே வந்திருக்காதுங்க, சின்னவ பொறக்கறதுக்குள்ள வந்திருச்சுன்னு அந்தப் பொண்ணு வெளக்குச்சு. தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல தின்னாலும் ஒட்டாது, மாத்திரை விடாமச் சாப்பிட்டா மத்த புள்ளைங்களாட்டமே வளருவா, ரெண்டு பேரையும் பிரிக்காம வெச்சுக்கங்க அம்மான்னு சொல்லுச்சு. நான் தலையாட்டுனேன். ஆஸ்பத்திரில உட்காந்து சொல்றது சுலபம். ஊட்டுல கௌசல்யா இருக்கா. தறிக்கு ஆள் வர்றாங்க, போறாங்க.

ஆளுக்கொரு சீட்டுக் குடுத்தாங்க. வனிதா சீட்டுல இல்லைன்னு எழுதி முத்திரை போட்டிருந்துச்சு. இத பத்திரமா வெச்சுக்கங்கன்னு அந்தப் பொண்ணு ரெண்டு தடவை சொன்னா. ஊட்டுக்கு வந்ததும் அடுப்புல போட்டேன். வனிதா பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தா. அதுல அந்த ஆஸ்பத்திரிப் பேரும், அந்த டிப்பாட்மெண்ட்டு பேரும் போட்டிருக்குதே, யார் கைல சிக்குனாலும் என்ன ஆகும்? இல்லைன்னு எழுதியிருந்தாலும், எதுக்குப் பாத்தாங்கன்னு கேப்பாங்களே.

மேகலாவுக்கு அந்தக் கவுன்சிலர் பொண்ணே முசிறில எடம் சொன்னா. நான்தான் கூட்டிட்டுப் போனேன். லூர்து சிஸ்டர்னு ஒருத்தங்க பாத்துக்கறாங்க. முப்பது நாப்பது கொழந்தைங்க, எல்லாம் இந்த மாதிரிதான். கெளம்பறப்ப மேகலா என்ற சேலையப் புடிச்ச புடி விடவே இல்ல. ஒவ்வொரு விரலா அந்த சிஸ்டர்தான் பிரிச்சு விட்டாங்க. நானும் மனுசிதானே, பஸ்ஸுல அழுதுட்டுத்தான் வந்தேன். ஆனா வர்ற வழியிலயே ரோசனை பண்ணிட்டேன், ஊருக்கு என்ன சொல்றதுன்னு.

காய்ச்சல்ல போயிட்டான்னு சொன்னேன். ஆஸ்பத்திரிலயே போயிட்டா, அங்கயே காரியத்த முடிச்சுட்டோம்னு.

அப்படிப் பாக்காத கண்ணு. ஹோமுல விட்டிருக்கேன்னு சொன்னா, எதுக்குன்னு கேப்பாங்க. ஒண்ணு மாத்தி ஒண்ணு கேட்டுக்கிட்டே வருவாங்க. செத்துட்டான்னு சொல்லிட்டா அதுக்கு மேல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் வந்து வனிதாவக் கட்டிப் புடிச்சு அழுதாங்க. அவகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன், எதுவும் பேசிராத அம்மிணின்னு. அவளும் அழுதா. தேம்பித் தேம்பி அழுதா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, பரவால்ல, வெவரமான புள்ளைன்னு.

வனிதாவ நான் ஒரு கொறையும் இல்லாமத்தான் வளத்தேன். எங்க ஊர்ல யாரை வேணாக் கேளு. மொத ஒரு வருசம் தட்டு டம்ளர் மட்டும் தனியா வெச்சேன், ஒரு சாக்கிரதைக்கு. அப்புறம் அவளே தனித் தட்டத்தான் எடுப்பா, பழகிருச்சு. படுக்கறது தறிக்கூடத்துல. அங்க ஃபேன் இருக்குது, காத்தோட்டமா இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தா தறில நிப்பா. அறுந்த நூலை அவ முடியற வேகம் பெரிய ஆளுங்களுக்கே வராது. பத்தாவதுல நல்ல மார்க்குதான், டீச்சர் ஊட்டுக்கே வந்து மேல படிக்க வைங்கன்னு கேட்டாங்க. கௌசல்யா அப்பத்தான் இஞ்சினியரிங் சேந்திருந்தா. ஒரு ஊட்டுல ரெண்டு பேரும் படிக்கப் போயிட்டா தறிய யார் பாக்கறது? வனிதா ஒண்ணும் சொல்லல. எதுக்கும் எதுவும் சொல்ல மாட்டா. அதுதான் அவகிட்ட நல்ல கொணம்.

ஒரு தடவை, அவளுக்குப் பதினஞ்சு வயசு இருக்கும், தங்கச்சியப் பாக்கணும்னு கேட்டா. மூணு வருசமா ஒண்ணுமே கேக்காதவ கேக்கறாளேன்னு பொங்கலுக்கு அடுத்த வாரம் கூட்டிட்டுப் போனேன். மேகலாவ எனக்கே அடையாளம் தெரியல. கன்னம் வெச்சு, ரெட்டைச் சடை போட்டு, தொணதொணன்னு பேசறா. அக்காவக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஒவ்வொண்ணாக் காட்றா, இது என் கட்டில், இது என் பெட்டி, இந்தக் கட்டில் ரோசினிது, அவ போன மாசம் செத்துட்டா, அதனால இப்ப யாருக்கும் குடுக்கலன்னு. ஒம்போது வயசுப் புள்ள, அதச் சொல்லிக்கிட்டே அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா. அங்கயும் எல்லாம் சொகம்னு சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை கேட்டுக்கிட்டப் போயி நிக்கற கொழந்தைங்களப் பாத்தேன், யாராச்சும் வருவாங்களான்னு.

அப்புறம் மணி அடிச்சாங்க. அத்தனை கொழந்தைங்களும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணியோட வரிசைல வந்து நின்னு மாத்திரை போடுதுங்க. ஒளிவு மறைவு கெடையாது. மேகலா எங்களுக்கு நாக்க நீட்டிக் காட்றா, முழுங்கிட்டேன் பாருங்கன்னு. மத்தியானம் எல்லாரும் ஒரே வரிசைல உட்காந்து சாப்பாடு. மேகலா அவ தட்டுல இருந்து சோத்தப் பெசஞ்சு அக்காவுக்கு ஊட்டி விட்டா. வனிதா என்னை ஒரு தடவை நிமிந்து பாத்துட்டு வாயத் தெறந்தா.

திரும்பி வர்றப்ப, இதே ரோட்டுலதான், கேட்டா, "அத்தை, என்னையும் அங்கயே விட்டுருங்களேன்."

"உனக்கென்ன தலையெழுத்தா? நீ நல்லா இருக்கற புள்ள. உன்னையெல்லாம் சேக்க மாட்டாங்க"ன்னேன்.

"நோவு இருந்தாத்தான் சேப்பாங்களா?"

"ஆமா."

அதுக்கப்புறம் வெளியவே பாத்துட்டு வந்தா. எனக்குக் கோவம்கூட வந்துச்சு. சொந்த ஊட்டுல வெச்சுச் சோறு போடறேன், இப்படிக் கேக்கறாளேன்னு. அதுக்கப்புறம் கூட்டிட்டுப் போகல. போன்ல மட்டும் எப்பவாச்சும் பேசிக்குவாங்க.

இரு, புள்ள நெளியறா. ஒண்ணுமில்லடா தங்கம், தூங்கு, தூங்கு.

வனிதாவுக்கு இருவது வயசுல எடம் வந்துச்சு. பையன் பேரு தினகரன். போர் வண்டில வேலை. ஆழ்துளைக் கெணறு போடற ரிக்கு வண்டி இருக்குதே, அதுல. ஆறு மாசம், எட்டு மாசம் வடக்கதான் இருப்பான். சொந்த ஊடு, ஒரே பையன், பாக்க லட்சணமா இருந்தான். அப்பன் ஆத்தா இல்லாத பொண்ணுக்கு இதைவிட என்ன வேணும்? அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், கூடப் பொறந்தவங்க யாராச்சும் உண்டான்னு. ஒரு தங்கச்சி இருந்தா, சின்னதுலயே போயிட்டான்னேன்.

இது எப்படியோ முசிறிக்குத் தெரிஞ்சு லூர்து சிஸ்டர் போன் பண்ணாங்க. "சந்தோசம்மா. ஒண்ணே ஒண்ணு, கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்துருங்க. அந்தப் பிள்ளை பட்டதெல்லாம் போதும்"னாங்க. சரிங்கன்னு வெச்சுட்டேன். அடுத்த நாள் வனிதாவே வந்து நின்னா. நூல் கண்டைக் கைல வெச்சு உருட்டிக்கிட்டே நின்னா.

"அத்தை, அவங்க வடக்க போயிட்டு வர்றவங்க. ஒரு தடவை ரத்தம் பாத்துக்கலாமே. ரெண்டு பேரும் பாத்துக்கலாம். அவங்கள மட்டும்னு வேண்டாம்."

நான் சொன்னேன், "அம்மிணி, நாம அப்படிக் கேட்டா, உங்களுக்கு எதுக்கு இந்தச் சந்தேகம் வருதுன்னு கேப்பாங்க. உங்கப்பன் எதுல போனான்னு தோண்டுவாங்க. அதோட இந்த எடமும் போச்சு, கௌசல்யாவுக்கு வர்ற எடமும் போச்சு. உங்கப்பன் லாரில போனான்னா எல்லாரும் அப்படியா?"

"சரிங்க அத்தை"ன்னா. அவ்வளவுதான். எதுத்துப் பேசல. எதுத்துப் பேசியிருந்தான்னா நானும் ரோசனை பண்ணியிருப்பேனோ என்னமோ.

கல்யாணம் நல்லபடியாத்தான் நடந்துச்சு. மண்டபத்துல மேகலா இல்ல. எப்படி வர முடியும், ஊரே வந்திருக்குது. மணவறைல உட்காந்திருந்தவ வாசப்பக்கமே பாத்துட்டு இருந்தா. தங்கச்சிய நெனைச்சுக்கிட்டா போலன்னு எங்க சொந்தக்காரங்க, ஒறம்பரைங்க எல்லாம் கண்ணத் தொடைச்சுக்கிட்டாங்க.

ஒரு வருசத்துல முழுகாம இருந்தா. ஆரம்ப சுகாதார நிலையத்துல எல்லாக் கர்ப்பிணிக்கும் ரத்தம் பாப்பாங்க இல்லையா. அதுல வந்திருச்சு.

ஆமா கண்ணு. அதேதான்.

தினகரனக் கூப்பிட்டு ரத்தம் பாக்கணும்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க. அவன் சத்தீஸ்கர்ல இருந்தான். வரேன் வரேன்னு சொல்லிட்டு வரவே இல்ல. மாமியார்க்காரி ரெண்டு பெரிய மனுசங்களக் கூட்டிக்கிட்டு வனிதாவ எங்க ஊட்டுல கொண்டு வந்து விட்டா. என்ற தம்பி எதுல செத்தான்னு எவனோ லாரிக்காரன் மூலமா வெசாரிச்சுட்டு வந்திருக்கா. நடுக்கூடத்துல உட்காந்து சொல்றா, "அப்பனும் ஆத்தாளும் செத்த நோவ எங்க ஊட்டுக்குச் சொமந்துட்டு வந்திருக்கா. என்ற பையனுக்கு இருந்தா அதும் இவ குடுத்ததுதான்."

கௌசல்யாவப் பொண்ணு பாக்க மறுவாரம் வர்றதா இருந்தாங்க. நல்ல எடம். அந்த ரெண்டு பெரிய மனுசங்கள்ல ஒருத்தர் அந்த எடத்துக்குப் பங்காளி. நீ அத நெனைச்சுப் பாக்கணும். அந்த எடத்துல நீ இருந்தாலும் என்ன பண்ணியிருப்ப.

வனிதா நாலு மாச வயித்தோட செவுத்துல சாஞ்சு நின்னா. எங்கிட்டத் திரும்புனா.

"அத்தை, எனக்கு அப்பவே ரத்தம் பாத்தாங்க இல்ல. எனக்கு இல்லைன்னு சீட்டுக் குடுத்தாங்க இல்ல. நீங்க சொல்லுங்க அத்தை."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

அவளுக்கு இல்லைன்னு நான் சொல்லணும்னா, எதுக்குப் பாத்தோம்னும் சொல்லணும். என்ற தம்பிக்கு இருந்துச்சுன்னு என்ற வாயால சொல்லணும். மேகலாவும் வெளிய வருவா. சீட்டும் கைல இல்ல. இருந்தாலாச்சும் நீட்டியிருக்கலாம்.

"என்ன சீட்டு அம்மிணி? எனக்குத் தெரியாதே"ன்னேன்.

நான் அப்படித்தான் சொன்னேன் கண்ணு. அவ அழுவான்னு நெனைச்சேன். அழல. பெட்டிய எடுத்துக்கிட்டு நேராத் தறிக்கூடத்துக்குப் போயிட்டா. அவங்களும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஆனா ஒண்ணு, நான் வாயத் தெறக்காததால பேச்சு அதோட நின்னுச்சு. மாமியார் ஏதோ ஆத்திரத்துல பேசறான்னு அந்தப் பெரிய மனுசங்க நெனைச்சுக்கிட்டாங்க. கௌசல்யா கல்யாணம் நிக்கல.

வனிதாவ நான் வெரட்டி விடல. அதையும் சொல்லணும் இல்ல. வெச்சுப் பாத்தேன். ஆஸ்பத்திரிலயே பிரசவம். பொறந்த ஒடனே, ஆத்தாகிட்ட இருந்து நோவு ஒட்டாம இருக்கப் புள்ளைக்குச் சொட்டு மருந்து குடுத்தாங்க, ஆறு வாரம். அவ கடிகாரத்த வெச்சுக்கிட்டுக் குடுப்பா, ஒரு நிமிசம் பிந்தாது. பேரு வெக்கறப்ப நான் நல்ல பேரா நாலு சொன்னேன். அவ கேக்கல. மேகலான்னு வெச்சா. ஊர் தோண்டப் போகுதுன்னு நெனைச்சேன். ஆனா ஊர்ல, செத்துப்போன தங்கச்சி பேர வெச்சிருக்கா பாவம்னு சொல்லிட்டாங்க. நான் பாப்பான்னுதான் கூப்பிடுவேன். அந்தப் பேரு என்ற வாய்ல வராது.

அவளுக்கும் மாத்திரை குடுத்தாங்க. மாசா மாசம் பெரியாஸ்பத்திரிக்குப் போயி வாங்கணும். அங்க போனா வெளிய வராந்தாவுல வரிசைல உட்காரணும். கௌசல்யாவக் குடுத்த எடம் அந்த ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்பலயே. அவ மாமனார் தெனம் அந்த வழியாத்தான் கடைக்குப் போவார். கல்யாணம் முடிஞ்ச புதுசு. நான் வனிதாகிட்டச் சொன்னேன், "அம்மிணி, ஒரு ரெண்டு மாசம் போகாத. கௌசல்யா அங்க நல்லா நெலைச்சுக்கட்டும். உனக்கு இப்ப ஒடம்பு நல்லாத்தானே இருக்குது."

அவளும் போகல. ரெண்டு மாசம் மூணாச்சு. மூணு ஆறாச்சு. நான் போகச் சொல்லல, அவளும் கேக்கல.

இருமல் வந்துச்சு. தறிப் பஞ்சுன்னு நெனைச்சோம். தறில நிக்கறவங்க எல்லாருக்கும் இருக்கறதுதானே. எளைச்சா. புள்ளைக்குப் பால் ஊட்டுனதால எளைக்கறான்னு நெனைச்சேன். நெசமாவே அப்படித்தான் நெனைச்சேன் கண்ணு. என்ற தம்பி எளைச்சத இதே கண்ணால பாத்திருக்கேன், இருந்தும் அப்படி நெனைச்சேன்.

புள்ளைக்குப் பதினெட்டு மாசத்துல கடைசி டெஸ்டு. அதுல இல்லைன்னு வந்துட்டா இல்லவே இல்லைன்னு அர்த்தம். தன் மாத்திரைக்குப் போகாதவ, அதுக்கு மட்டும் என்னைக் கேக்காமக் கெளம்பிட்டா. ரெண்டு பஸ்ஸு மாறி, இருமிக்கிட்டு, புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு. சாயங்காலம் வந்தா. வாசல்ல நின்னு, "அத்தை, பாப்பாவுக்கு இல்லைங்க"ன்னா. சிரிச்சா. எங்க ஊட்டுக்கு வந்ததுல இருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. பல்லெல்லாம் தெரிஞ்சுச்சு, மூஞ்சி அவ்வளவு எளைச்சுப் போயிருந்துச்சு. சீட்ட எடுத்து எங்கிட்டக் காட்டுனா. நான் கை நீட்டுனேன். அவ குடுக்கல. மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா.

அடுத்த மாசம் படுத்துட்டா. காசநோய் நுரையீரல் பூரா பரவிருச்சுன்னாங்க. ஏம்மா மாத்திரைய நிறுத்துனீங்கன்னு டாக்டரு அவகிட்டத்தான் கேட்டாரு. "மறந்துட்டேங்க சார்"னா. நான் பக்கத்துலதான் நின்னேன்.

பதினோரு நாள் இருந்தா. நான்தான் கூட இருந்தேன். கடைசில பேச்சே வரல, காத்துதான் வருது. ஒரு நாள் மத்தியானம் கையக் காட்டிக் கூப்பிட்டா.

"அத்தை, எனக்கப்புறம் பாப்பாவ எங்க வெச்சுக்குவீங்க?"

"இதென்ன கேள்வி? நம்ம ஊட்டுலதான். உன்னை வளத்தனே, அந்த மாதிரி வளக்க மாட்டேனா?"ன்னேன்.

அவ கண்ணு ரெண்டும் அப்படியே ரொம்பிருச்சு. கையெடுத்துக் கும்பிட்டா கண்ணு. ஊசி குத்துன கையோட. "வேண்டாங்க அத்தை. மேகலாகிட்டக் குடுத்துருங்க."

எதுக்கு அப்படிச் சொன்னான்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. தறிச் சத்தம் பாப்பாவுக்கு ஆகாதுன்னு நெனைச்சிருப்பாளோ என்னமோ.

மேகலாவக் கூப்பிட்டு விடச் சொல்லி ரெண்டு தடவை சொன்னா. நான் பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிட்டு இருந்தேன். ஒறம்பரைங்க வந்து போயிட்டு இருந்தாங்க, வந்து நிக்கற பொண்ணு யாருன்னு கேப்பாங்களே. வனிதா போயி மூணாம் நாள் காரியம் முடிஞ்சப்புறம்தான் மேகலாவுக்குப் போன் பண்ணேன். சொன்னதும் கேட்டா, "பாப்பா சாப்பிட்டாளா?"

மேகலாவுக்கு இப்பப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. முசிறிலயே காலேஜு மொத வருசம். பெரிய பொண்ணுங்க தங்கறதுக்கு ஹோமுக்குள்ளயே தனி ஊடு இருக்குது, அதுல இருக்கா. சின்னதுங்களுக்கு மாத்திரை குடுக்கறது அவதான். பன்னெண்டு வருசமா ஒரு வேளை தவற விட்டதில்லையாம். ரெண்டு பேர்ல நோவு இருந்தவ அவ. நோவு இல்லாதவள நான் ஊட்டுல வெச்சு வளத்தேன்.

அஞ்சு மாசமா வாரா வாரம் போன் பண்றா. போன மாசம் கேட்டா, "அத்தை, பாப்பாவ எங்க படுக்க வெக்கறீங்க?" தறிக்கூடத்துலன்னேன். வேற எங்க? ஆத்தா படுத்த எடம், அங்க விட்டாத்தான் தூங்கறா.

"நான் வந்து கூட்டிக்கிட்டுமா?"

"நீ எப்படி அம்மிணி இங்க வருவ?"ன்னேன்.

"ஆமா, நான் செத்தவ இல்ல. அப்ப நீங்களே கொண்டு வந்துருங்க"ன்னா. கோவமாச் சொல்லல. பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னா.

அப்பவும் எனக்கு மனசு வரல. புள்ள ஒட்டிக்கிட்டா, ஆயா ஆயான்னு பின்னாலயே வர்றா. ஆனா கௌசல்யா பிரசவத்துக்கு வர்றா அடுத்த மாசம். அவ சொல்லிட்டா, அந்தப் புள்ள அங்க இருந்தா நான் கால் வெக்க மாட்டேம்மான்னு. டெஸ்டுல இல்லைன்னு வந்திருச்சுடீன்னு சொன்னேன். அது ஆஸ்பத்திரிப் பேச்சும்மாங்கறா. சரி, வனிதா சொன்னபடி செஞ்ச மாதிரியும் ஆச்சுன்னு கெளம்பிட்டேன். கௌசல்யாவுக்காகத்தான் கொண்டு போறேன்னு மேகலாகிட்ட சொல்லல. உங்கக்கா ஆசைன்னுதான் சொன்னேன். அதும் பொய் இல்லையே.

ஊருல, பாப்பாவ அவங்கப்பன் ஊட்டுல கேட்டாங்க, குடுத்துட்டேன்னு சொல்லிக்கலாம்னு இருக்கேன். மேகலா உயிரோட இருக்கான்னு நான் வாயத் தெறந்து ஒருத்தர்கிட்டச் சொல்றது இதான் மொத தடவை. உங்கிட்டத்தான்.

இது தொட்டியம் இல்லையே? தாண்டிருச்சா? அப்ப முசிறியே வந்துருச்சு. பேசிட்டே வந்ததுல ஒண்ணும் தெரியல. அந்தா, கடைக்கிட்ட நிக்குது பாரு, பச்சைச் சுடிதாரு. அவதான். கூட நிக்கறது லூர்து சிஸ்டர், வயசாயிருச்சு அவங்களுக்கும். ஒசரமா வளந்துட்டா. நின்னா அப்படியே வனிதா.

கண்ணு, சித்த புள்ளையப் புடிச்சுக்க. காலு மரத்துப் போச்சு, எந்திரிக்க முடியல. பஸ்ஸு இங்க பத்து நிமிசம் நிக்கும், பயப்படாத. இந்தா பாரு, அவளே ஏறி வந்துட்டா. அவ கைலயே குடுத்துரு. தலையப் பாத்து, ஆமா, அப்படித்தான். பாரு, அழுகவே இல்ல இவ. புது ஆளுன்னா அழுது ஊரக் கூட்டுவா. தோள்ல சாஞ்சுட்டா பாரேன்.

என்ன சொல்றா, கேட்டியா? எறங்குங்க அத்தை, சமையல் ஆயிருச்சு, எல்லாரோடயும் உட்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாம்ங்கறா. என்ற பைய அவளே எடுத்துக்கிட்டா. வனிதா இவகிட்ட எதுவும் சொல்லல போல. அன்னிக்கு நடுக்கூடத்துல அவங்கக்கா எங்கிட்டக் கேட்டது, நான் சொன்னது, எதுவுமே இவளுக்குத் தெரியாது கண்ணு.